மூன்றாம் ஓலைக்கு முன்

தோமஸ் லண்டனுக்குப் போகப்போகிறான் என்பது முல்லைத்தீவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரியாதவன் ஒருவன்தான். அவன் தோமஸ்.

அறுபத்து நாலாம் ஆண்டு அவனுக்கு இருபத்தெட்டு வயது. கடற்றொழில் சங்கத்தின் எஞ்சின் கொட்டிலில் வேலை. தோணிகளுக்கு மோட்டர் பூட்டத் தொடங்கியிருந்த காலம். கொழும்பில் ஒரு வேலைத்தளத்தில் மூன்று வருடம் எண்ணெயில் புரண்டு, ஒரு சான்றிதழோடு ஊருக்குத் திரும்பியவன். மோட்டர் இரண்டு முறை இருமினால் போதும், நோய் என்னவென்று சொல்லிவிடுவான். வாயைத் திறந்து மனிதருக்கு ஒரு உண்மையைச் சொல்லத்தான் அவனுக்கு வராது. கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன், பயந்தாங்கொள்ளி. ஆனால் பயந்தாங்கொள்ளிகளால் அடுத்தவர்களுக்கு வரும் நட்டம் சின்ன நட்டம் அல்ல.

இங்கிலாந்து அப்போது கைத்தொழில் தெரிந்த ஆட்களை வவுச்சர் என்ற அனுமதிச் சீட்டுக் கொடுத்து எடுத்துக்கொண்டிருந்தது. விண்ணப்பம் அனுப்ப வேண்டும். தெரிவானால் வவுச்சர் வரும். வவுச்சர் வந்தால்தான் கப்பல். தோமஸ் தை மாதம் அனுப்பினான். மாசிக் கடைசியில் ஒரு அச்சடித்த அட்டை வந்தது: உமது விண்ணப்பம் கிடைத்தது, உமது இலக்கம் இது, தெரிவு செய்யப்பட்டால் அறிவிப்போம், அதற்கிடையில் எழுதி விசாரிக்க வேண்டாம். அவ்வளவுதான். ஆனால் தபாற்காரர் கனகலிங்கத்துக்கு முத்திரையில் இருந்த ராணியின் தலையே போதுமாக இருந்தது. சைக்கிளை விட்டு இறங்காமலே, "தோமசுக்கு லண்டன் வந்திட்டுது!" என்று சந்தை முழுக்கக் கூவிக்கொண்டு வந்தார். பொழுதுபடுவதற்குள் ஊர் அவனைத் தெரிவு செய்துவிட்டது.

தோமஸ் பொய் சொல்லவில்லை. கைகொடுத்தவர்களுக்குக் கைகொடுத்தான், சிரித்தவர்களைப் பார்த்துச் சிரித்தான், அவ்வளவுதான். நாளைக்குச் சொல்லுவம் என்று நினைத்தான். மூன்றாம் நாள் கிறகோரிச் சம்மாட்டியார் வீட்டிலிருந்து சம்பந்தம் பேச வந்துவிட்டார்கள்.

வலையும் ஆட்களும் வைத்துத் தொழில் நடத்தும் சம்மாட்டியாருக்குக் கடற்கரையில் சொந்தப் பாடு இருந்தது. கரைவலை வளைத்து இழுக்கும் இடத்தைத்தான் பாடு என்பார்கள். அது இருக்கிற குடும்பம் மீன் வராத மாதத்திலும் தலைநிமிர்ந்து நடக்கும். அவருடைய இளைய மகள் புனிதமலர். அவள் கோயிலில் பாட்டெடுக்கும்போது தோமஸ் எத்தனையோ ஞாயிறுகள் செபத்தை மறந்து பெண்கள் பக்கம் பார்த்திருக்கிறான். அந்த அட்டை வந்திராவிட்டால் சம்மாட்டியார் அவனை வாசலில் நிறுத்தி வைத்து மோட்டரைப் பற்றி மட்டும் கதைத்திருப்பார். இது அவனுக்கு நன்றாகத் தெரியும். நாளைக்குச் சொல்வது அடுத்த கிழமைக்குப் போனது. அவன் தாய் மதலேனாவோ, வந்தவர்கள் தேத்தண்ணி குடித்து முடிக்கு முன்னமே ஓம் சொல்லிவிட்டாள்.

கலியாணம் வைக்காத தபசு காலம் முடிந்தது. சித்திரை போனது, வைகாசியும் போனது. லண்டனிலிருந்து ஒரு துண்டுக் கடதாசி வரவில்லை. கனகலிங்கத்தின் சைக்கிள் மணி கேட்டால் தோமசின் கையிலிருந்த திருகு நழுவி விழும். மனதுக்குள் இரண்டு திட்டம் வைத்திருந்தான். வவுச்சர் வந்தால் என்பது முதலாவது: ஆவணியில் கப்பல், போய்ச் சேர்ந்ததும் ஒரு கம்பளிக் கோட்டு, ஒரு தொழிற்சாலை, இரண்டு வருடத்தில் புனிதமலரைக் கூப்பிடுவது. கப்பலில் எந்தப் பக்கம் படுப்பது என்பது வரைக்கும் அதில் இருந்தது. வராவிட்டால் என்பது இரண்டாவது. "வராவிட்டால் முதலில் புனிதமலரிடம்" என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாவது திட்டத்துக்கு ஒருவர் வழியும் காட்டினார். புதுக்குடியிருப்பில் உழவு மெசின்கள் வைத்து வாடகைக்கு விடும் மஹ்றூப், புரட்டாதி விதைப்புக்கு முதல் மெசின்களையெல்லாம் திருத்த ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"லண்டன் வருமட்டும் எண்டாலும் வாரும் தம்பி. பிடிச்சா நில்லும்," என்றார்.

"பாப்பம் நானா." மஹ்றூபை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள்.

லண்டன் போகிறவன் புதுக்குடியிருப்புக்கு ஏன் போகிறான் என்று ஊர் கேட்குமே என்பது அவன் பயம். முதல் திட்டம் ஊரறிந்த திட்டமாகிவிட்டதால் இரண்டாவதில் கால்வைக்கவே முடியவில்லை.

மஹ்றூப் இன்னொன்றும் சொன்னார். "வவுனியாவில என்ர மச்சான் ஒண்டரை வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறான். ஓம் எண்டா எழுதுவினமாம். இல்லையெண்டு எழுதமாட்டினமாம். இண்டைக்கும் தபாற்காரனைக் கண்டா எழும்பி நிக்கிறான், பாவம்."

அன்றிலிருந்து தோமசுக்குச் சோறு இறங்கவில்லை. தெரிவாகவில்லை என்று ஒரு கடிதம் வந்தாலாவது அழுதுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். வராத கடிதத்தை எந்த நாளில் வரவில்லை என்று முடிவு கட்டுவது?

ஆனி மாதம் கோயிலில் கலியாண ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். மூன்று ஞாயிறு, பூசை நடுவில், சுவாமியார் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று கேட்பார். மூன்றாம் ஓலைக்கு அடுத்த புதன்கிழமை கலியாணம். முதல் ஓலையன்று தோமசின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் ஓலையன்று, தடை தெரிந்த ஒரே ஆள் மாப்பிள்ளையாகவே இருந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தான். பூசை முடிந்ததுகூடத் தெரியவில்லை.

மூன்றாம் ஓலைக்கு முதல் நாள் மஹ்றூப் ஆள் அனுப்பியிருந்தார்: ஞாயிறு பின்னேரத்துக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார். அன்று பின்னேரமே சம்மாட்டியார் கொட்டிலுக்கு வந்தார். நல்ல சந்தோசத்தில் இருந்தார்.

"தம்பி, திங்கட்கிழமை நொத்தாரிசிட்டப் போறன். பாடு முழுக்க மூத்தவளுக்கு எழுதிவிடப்போறன். பாதி சின்னவளுக்கு எண்டுதான் வைச்சிருந்தனான். அவளுக்கு இனி என்னத்துக்கு? லண்டனில வலை வளைக்கவே போறா?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "மாமா..." என்றான் தோமஸ். அதற்குள் யாரோ கூப்பிட, சம்மாட்டியார் போய்விட்டார். ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். அவன் ஓடவில்லை. அதுவரை தன் மானம்தான் போகும் என்று பயந்துகொண்டிருந்தவனுக்கு, போகப்போவது அவளுடைய பங்கு என்பது அப்போதுதான் உறைத்தது.

ஞாயிறு பூசையில் சுவாமியார் கடதாசியை எடுத்தார். "காலஞ்சென்ற சந்தியோகு, மதலேனா இவர்களின் மகன் தோமசுக்கும், கிறகோரியின் இளைய மகள் புனிதமலருக்கும் மூன்றாம் முறையும் கடைசி முறையுமாக..."

கடைசி முறை என்ற சொல்லில் தோமஸ் எழுந்துவிட்டான். எழவேண்டும் என்று நினைத்து எழவில்லை. கால் தானாக எழுந்தது.

"என்ன தோமஸ்?"

"தடை இருக்கு சுவாமி."

மதலேனா செபமாலையைக் கீழே போட்டுவிட்டாள்.

"எனக்கு வவுச்சர் வரேல்லை. வந்தது இலக்கம் போட்ட அட்டை. தெரிவு செய்வினமோ தெரியாது. நான் சொல்லியிருக்கவேணும். சொல்லேல்லை."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுவாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லண்டனுக்குப் போகாதது திருச்சபையில தடை இல்லை. இரும்," என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து ஓலையை வாசித்து முடித்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது சம்மாட்டியார் பூவரசின் கீழ் நின்றார். அடிப்பார் என்றே தோமஸ் எதிர்பார்த்தான். அவர் கையை ஓங்கவில்லை. "என்ர மனுசரெல்லாம் கேக்கச் சொன்னாய், என்ன? பாடு எழுதப்போறன் எண்டு நான் வந்து சொல்லேக்கை என்னட்டைச் சொல்ல உனக்கு வாய் இல்லை," என்றார். நேற்றுவரை தம்பி என்றும் நீர் என்றும் சொன்ன வாய். தோமசுக்கு அழுகை வந்தது. அவன் அழுதான், எல்லோரும் பார்க்க.

புனிதமலர் பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சம்பந்தம் பேசிய பிறகு அவனோடு நேருக்கு நேர் கதைப்பது அதுதான் முதல் தரம்.

"ஊருக்கெல்லாம் சொன்னியள். எனக்கு முதல் சொல்லியிருக்கலாம்."

"ஓம்."

"எப்ப முடிவு சொல்லுவினம்?"

"ஓம் எண்டா எழுதுவினம். இல்லையெண்டா எழுதமாட்டினம். பாத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"அப்ப நீங்களும் பாத்துக்கொண்டிருங்கோ. ஓம் எண்டா நான் சொல்லி அனுப்புவன். இல்லையெண்டா ஒண்டும் வராது."

தகப்பனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நொத்தாரிசு வேலையை நிற்பாட்டச் சொல்லி அவள் சொல்வது மட்டும் தோமசுக்குக் காற்றில் கேட்டது. கலியாணத்தைப் பற்றி அவள் என்ன சொன்னாளோ, அது கேட்கவில்லை.

வீட்டுக்குப் போனால் மதலேனாவின் ஒப்பாரி. அவன் நேரே புதுக்குடியிருப்பு பஸ்ஸில் ஏறினான். லண்டன் இந்த மாதம் வரலாம், பத்து வருடம் கழித்து வரலாம், வராமலே விடலாம். புனிதமலரின் முடிவுக்கோ புதன்கிழமை வரைக்கும்தான் தவணை. பஸ் ஜன்னலில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு, வழி முழுக்க மாதாவை மன்றாடினான். லண்டனுக்காக மன்றாட மறந்துவிட்டான்.

மஹ்றூப் மெசின் கொட்டிலில் இருந்தார். கதை இன்னும் அங்கே வந்து சேரவில்லை.

"வாறன் நானா. வேலைக்கு வாறன்."

"நல்லது தம்பி. கொட்டிலுக்குப் பின்னால ரெண்டு அறை இருக்கு. தனி ஆளெண்டா சின்னது காணும். குடும்பமெண்டா பெரிசு, சமைக்கக் குசினியும் இருக்கு, ஆனா கூரைக்குக் கிடுகு மேய வேணும், இண்டைக்கே ஆளுக்குச் சொல்லவேணும். எது வேணும் உமக்கு?"

தோமஸ் கொட்டிலுக்குப் பின்னால் போய்ப் பெரிய அறையின் கூரையைப் பார்த்துவிட்டு வந்தான்.

"பெரிசை மேயச் சொல்லுங்கோ," என்றான்.