மன்னியோட மடி ஷூ

மன்னி! ஏ மன்னி! இதுல ஏதாவது தப்பா எழுதினா மேலேர்ந்து என் தலையில குட்டாதே. நான் பத்தாங்கிளாஸ் ரெண்டு தடவை தோத்தவன். பேசற மாதிரிதான் எனக்கு எழுத வரும். உன்னைப் பத்தி நல்ல மாதிரியா எழுதுடான்னு அண்ணா சொன்னான். நல்ல மாதிரியா எழுதினா அது மன்னி இல்லையேன்னு நான் சொன்னேன். அண்ணா சிரிச்சான். நீ போனதுக்கப்பறம் அவன் சிரிச்சது அன்னைக்குத்தான்.

படிக்கறவாளுக்குச் சொல்றேன். மன்னின்னா என் அண்ணாவோட ஆத்துக்காரி. மலையாளம் பேசற ஊர்ல, கிழக்கேகோட்டையில, அம்பலத்தை, கோவிலைத்தான், சுத்தி இருக்கற தெருவுல எங்க ஆம். அம்மா, அண்ணா, மன்னி, நான்னு நாலு பேர். அண்ணா ஆபீசுக்குப் போவான். நான் கல்யாணத்துக்குச் சமைக்கற ஒரு கோஷ்டியில தேங்கா துருவிண்டு இருந்தேன். மன்னி ஆத்துல எல்லாரையும் கேலி பண்ணிண்டு இருந்தா. அதுதான் அவளுக்கு முழு நேர வேலை, மத்த வேலையெல்லாம் இடையில பண்றது.

எங்க தெருவுல தனு மாசம், மார்கழிதான், திருவாதிரைக்குப் பொம்மனாட்டிகள் எல்லாம் வட்டமா நின்னு கை கொட்டிப் பாடிண்டே ஆடுவா. குனியணும், நிமிரணும், முழங்காலை மடக்கிச் சுத்தணும். கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து மன்னி அந்த வட்டத்துல ஒருத்தி. ஒரு வருஷம் பாதிப் பாட்டுல மூச்சு வாங்கி, சுவத்தைப் பிடிச்சுண்டு உக்காந்துட்டா. உடம்பு வேற கொஞ்சம் போட்டுடுத்து. (கொஞ்சம்னுதான் எழுதறேன் மன்னி, பாத்துக்கோ.) அதுக்கப்பறம் ஒரு நாள் கோடியாத்து மாமி வந்தா. வட்டத்துல ஆரு நிக்கணும்னு தீர்மானிக்கறது அவாதான். காப்பியைக் குடிச்சுண்டே சொன்னா: "இனிமே நீ உக்காந்து பாடினா மதி, அது போறும், கேட்டியா. ஆடறதெல்லாம் உன்னாலே ஆகாது."

மன்னி "செரி மாமி"ன்னா. மாமி போனப்பறம் அந்த டம்ளரைத் தேய்ச்ச தேய்ப்புல அது நெளிஞ்சு போச்சு.

"எனக்கு வட்டத்துலதான்டா நிக்கணும்," என்னண்டை சொன்னா. "ஓணம் கழிஞ்சா பிராக்டீஸ் தொடங்கும். அதுக்குள்ளே மூச்சு வாங்காம ஆடிக் காட்டறேன்."

"தெருவுல காலம்பர நடக்கலாமே."

"தெருவுல நடந்தா மாமிக்குத் தெரிஞ்சுடும். பாவம் முயற்சி பண்றான்னு சொல்லிடுவா. அதைவிட உக்காந்து பாடறது மேல்."

அதுதான் ஆத்துக்குள்ளே குதிக்கறதுன்னு ஆச்சு. சாலையில ஒரு கடையிலேர்ந்து எக்சர்சைஸ் சிடி ஒண்ணு வாடகைக்கு எடுத்துண்டு வந்தேன். அதுல ஒரு துரைசானி நிக்கர் போட்டுண்டு, பல்லைக் காட்டிச் சிரிச்சுண்டே குதிப்பா. குதிக்கும்போது சிரிக்கறவளை நம்பாதேன்னு அன்னைக்கே சொன்னேன். மன்னி கேக்கலை. புடவையைத் தூக்கிச் செருகிண்டு, சிமெண்ட் தரையில வெறுங்காலோட தொம் தொம்முன்னு ஆரம்பிச்சா. ஸ்வாமி அலமாரியில விளக்கு ஆடித்து.

அந்த சிடியில ஒரு கீறல். ஒரு எடம் வந்தா துரைசானி வலது காலைத் தூக்குவா, இறக்குவா, மறுபடியும் அதே காலைத் தூக்குவா. சிடி மாட்டிண்டு இருக்குன்னு மன்னிக்குத் தெரியலை. இதுவும் ஒரு பாடம்னு நினைச்சுண்டு அவளும் அதே காலைத் தூக்கித் தூக்கி வெச்சிண்டு இருந்திருக்கா. நான் வேலை முடிஞ்சு வந்து பாக்கறேன், வேர்த்துக் கொட்டறது. "ரொம்பக் கஷ்டமான பாடம்டா இது, எடது காலுக்கு வரவே மாட்டேங்கறது"ன்னா. நான் தரையில விழுந்து சிரிச்சேன். கையில கெடைச்ச விசிறியால அடிச்சா.

சிரிச்சது அன்னைக்கு. அப்பறம் அவளுக்கு வலது முட்டுல வலி. ரெண்டு குதிகாலும் போச்சு. காலம்பர எழுந்து மொதல் அடி வைக்கறச்சே ஆணி ஏத்தினாப்பல இருக்கும்பா. கட்டிலைப் பிடிச்சுண்டு, முகத்தைக் கோணிண்டு நிப்பா.

"என்னடி நொண்டறே?" அம்மா கேட்டா.

"கால் மரத்துப் போச்சும்மா."

"தெனமுமா மரத்துப் போகும்?"

பொய் நிலைக்கலை. அண்ணா ஆபீசுல இருக்கற நேரமாப் பாத்து அவளை ஒரு லேடி டாக்டர்கிட்டே கூட்டிண்டு போனேன். டாக்டர் பாதத்தை அமுக்கிப் பாத்துட்டு, "எந்தா காலில் இடுன்னது?"ன்னா. கால்ல என்ன போட்டுண்டு குதிக்கறேன்னு கேக்கறா. மன்னிக்கு ஒரே அதிசயம். ஆத்துக்குள்ளே ஆராவது கால்ல எதையாவது போடுவாளோ?

அதுதான் கொழப்பம்னு டாக்டர் சொன்னா. சிமெண்ட் தரையில வெறுங்காலோட குதிச்சா அந்த அடி குதிகாலுக்கும் முட்டுக்கும் நேரா போகும். வலி கொறையற வரைக்கும் ரெஸ்ட். அப்பறம் மெத்துன்னு அடி இருக்கற ஷூ போடணும். குதிக்கப்படாது, நின்ன எடத்துலயே நடந்தா மதி. வலிச்சா அப்போவே நிறுத்தணும். பாதத்துக்கு அடியில உருளையா ஏதாவது வெச்சு உருட்டணும்.

உருளைன்னு சொன்னதுக்கு மன்னி எடுத்தது அப்பளக் குழவி. அம்மா அதைப் பாத்த அன்னைக்கு என்ன நடந்ததுன்னு நான் எழுதப் போறதில்லை.

ஆனா ஷூ விஷயம் அதைவிடப் பெரிசாச்சு. எங்க அம்மாவுக்கு மடி முக்கியம். குளிச்சு, ஆரும் தொடாத துணி உடுத்திண்டுதான் ஸ்வாமிகிட்டே போவா. டிவி இருக்கறதும் ஸ்வாமி இருக்கறதும் ஒரே ரூம்.

"ஸ்வாமி முன்னாடி செருப்பா?"

"செருப்பு இல்லேம்மா, கேன்வாஸ் ஷூ. தோலே கிடையாது. துணியும் ரப்பரும்தான்."

"ரப்பர்னா?"

நான் நடுவுல பூந்தேன். "பொன்முடி போற வழியில நீ பாத்திருக்கியே. மரத்தைக் கீறி செரட்டை கட்டியிருப்பாளே. அதுல வடியற பால்."

அம்மா யோசிச்சா. "பால்னா செரி. ஆனா தெருவைத் தொட்டது உள்ளே வரப்படாது."

அதனாலே மன்னியோட பாதத்தை ஒரு பேப்பர்ல வரைஞ்சு எடுத்துண்டு ஆரியசாலையில ஒரு செருப்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம்.

"ஆளைக் கூட்டிட்டு வாங்க தம்பி, போட்டுப் பாக்கணும்லா."

"இங்க போட்டுப் பாத்தா ஷூ அசுத்தமாயிடும்."

"பின்ன எங்க போடுறதுக்கு?"

"ஆத்துக்குள்ளே."

"அப்போ தெருவுல?"

"தெருவுல வெறுங்கால்தான். அம்பலத்துக்குத்தானே போவா."

அவர் என்னையும் பேப்பரையும் மாறி மாறிப் பாத்தார். "எந்த ஊருடே நீ?"ன்னார். இங்கேதான், கோட்டைக்குள்ளேன்னேன்.

ஷூ வந்ததும் அம்மா அதை மஞ்சத் தண்ணியில முக்கினா. கொம்பால எடுத்து, மடித்துணி உணத்தற கொடியில ஒம்பது கஜத்துக்குப் பக்கத்துலயே தொங்க விட்டா. ஒரு நாள் பண்ணினா போகட்டும். தெனமும்! மழைக்காலம், எங்கே உணங்கும்? ஈர ஷூவைப் போட்டுண்டு மன்னி சளக் சளக்னு நடந்தா. ஷூ சுருங்கித்து, வெரல் இடுக்கெல்லாம் புண்ணாச்சு. மறுபடியும் டாக்டர். அவா கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுச் சிரிச்சா. ஷூவைக் குளிப்பாட்டாதீங்கோன்னு அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினா.

"குளிக்காதது ஸ்வாமி ரூமுக்கு வரப்படாது"ன்னு அம்மா சொல்லிட்டா. புண் ஆறட்டும்னு மன்னி ஒரு வாரம் சும்மா இருந்தா. அந்த வாரத்துல கேலியே இல்லை. அடுக்களையில உக்காந்து பாட்டை மெதுவாப் பாடிப் பாத்துண்டு இருந்தா. உக்காந்து பாடறதுக்குப் பழகறான்னு எனக்குத் தோணித்து. அம்மாவுக்கும் அது தோணியிருக்கணும்.

எங்க ஆத்துல வாசல்லேர்ந்து கொல்லை வரைக்கும் கதவெல்லாம் ஒரே நேர்ல இருக்கும். ஒரு நாள் சாயங்காலம் அம்மா என்னைக் கூப்பிட்டு டிவியைக் கொல்லைப் பக்கமாத் திருப்பச் சொன்னா. "அவ ஷூவைப் போட்டுண்டு கொல்லையில நிக்கட்டும். அங்கே மடி கிடி ஒண்ணும் இல்லை."

புது ஷூ, ஒரு சைஸ் பெரிசு, நான் வாங்கிண்டு வந்தேன். ஆனா கொல்லையிலேர்ந்து பாத்தா துரைசானி சுண்டுவெரல் அளவுதான் தெரிவா. அதனாலே அம்மா கதவண்டை நின்னுண்டு சத்தமாச் சொல்லுவா.

"இப்போ வலது காலை முன்னாடி வெக்கறா. கையை வீசறா. செரி, இப்போ எடது. ஐயோ, குதிக்கறாடீ! நீ குதிக்காதே. நில்லு, அவ எறங்கட்டும்."

கீறல் எடம் வந்தா, "மாட்டிண்டுட்டா, நீ தண்ணி குடி"ம்பா.

முட்டு வலி மெதுவாக் கொறைஞ்சுது. பிராக்டீஸ் தொடங்கின அன்னைக்கு மன்னி போய் வட்டத்துல நின்னா. ஆரும் கூப்பிடலை, அவளாவே போய் நின்னா. மாமி இவ ஆடறதையே பாத்துண்டு இருந்தா. திருவாதிரைக்கும் நின்னா. எல்லாரும் கை கொட்டினப்பறம் இவ ஒரு கொட்டு தனியாக் கொட்டுவா, அது எந்த ஷூ போட்டாலும் மாறாது. ஆனா பாட்டு முடியற வரைக்கும் உக்காரலை.

அடுத்த மழையில எலிப்பனின்னு ஒரு காய்ச்சல் வந்துது. முட்டுக்கு ஒரு கொறையும் இல்லை, மூச்சுக்கும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறலை. ஆஸ்பத்திரியில, "தனு மாசத்துக்குள்ளே எழுந்துடுவேனோடா?"ன்னு கேட்டா.

"இல்லேன்னா நான் புடவை கட்டிண்டு உன் எடத்துல ஆடறேன்."

"வேண்டாம்டா, பாக்கறவாளுக்குக் காய்ச்சல் வந்துடும்."

அதுதான் அவ கடைசியாப் பண்ணின கேலி.

இந்தத் தடவை திருவாதிரைக்கு முன்னாடி கோடியாத்து மாமி வந்தா. காப்பி வேண்டாம்னுட்டா. "அவ நிக்கற எடத்தை அப்படியே விட்டுடலாமான்னு கேக்க வந்தேன்"ன்னா.  அம்மா, "வேண்டாம், நெருங்கி நின்னுக்கோங்கோ. எடம் விட்டா அவ அங்கேயே நிப்பா. போக மாட்டா"ன்னா.

எனக்கு நிக்கட்டுமேன்னுதான் இருந்தது. ஆனா அம்மா சொன்னதுதான் செரி. அவ போகணும்.

அதனாலே இதைப் படிக்கற நீங்க எல்லாரும் உங்க உங்க ஸ்வாமிகிட்டே எங்க மன்னிக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அங்கே வட்டம் போட்டு ஆடினா அவளையும் நடுவுல சேத்துக்கச் சொல்லுங்கோ. ஓரமா உக்காத்தி வெக்க வேண்டாம்னு வேண்டிக்கோங்கோ.