காலுக்கு ஒரு வாரம், தலைக்கு ஒரு வாரம்

அய்யம்மாளைப் போல அறிவுள்ளவளை எங்கள் பேண்டேஜ் கம்பெனியில் நான் பார்த்ததில்லை. அவளைப் போலக் கிறுக்குத்தனம் செய்தவளையும் பார்த்ததில்லை. இராஜபாளையத்தில் என் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. கம்பெனியில் துணி மடிக்கும் மேசையிலும் எனக்கு அடுத்த ஆள். அவள் வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்காது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எண்பத்தேழாம் வருஷம் அவள் மகள் செண்பகத்துக்கு ஏழு வயது. பிறந்தபோதே அழாத பிள்ளை. கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். அடிக்கடி வலிப்பு வரும். அவள் பேச்சு அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் விளங்கும். பிள்ளை நடந்து வந்தால் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்று பெரிய வாத்தியார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அய்யம்மாளுக்கு வேறு நினைப்பே கிடையாது. செண்பகம் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

வலிப்புக்கு மதுரையில் ஒரு டாக்டர். காலுக்குப் பயிற்சி கொடுக்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர். மதுரைக்காரர் கொடுத்த மாத்திரையைப் போட்டால் பிள்ளை தூங்கி வழிவாள். தூங்குகிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் எரிந்து விழுவார். மாத்திரையைக் குறைக்கலாமா என்று மதுரையில் கேட்டால், கூடவே கூடாது, கால் விஷயத்தை அங்கேயே கேள் என்பார்கள். அங்கே கேட்டால், மாத்திரைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. படித்தவர்கள் இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசினால் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல அய்யம்மாள் அலைந்தாள்.

திடீரென்று ஒருநாள் அவள் முகம் தெளிந்திருந்தது. எனக்குச் சந்தோஷம், ஏன் என்று கேட்கவில்லை.

அவள் புருஷன் தங்கச்சாமிக்கு மில்லில் வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் ராத்திரி ஷிப்டு. எங்கள் தெருவில் சோறு பொங்குவது, தூங்குவது, புருஷன் பெண்டாட்டி சண்டைகூட ஷிப்டுப்படிதான். இந்தப் புத்திசாலி எனக்குக்கூடச் சொல்லாமல் தன் பிள்ளைக்கும் ஷிப்டு போட்டுவிட்டாள். ஒரு வாரம் காலுக்கு: பயிற்சி உண்டு, மாத்திரை கிடையாது. மறு வாரம் தலைக்கு: மாத்திரை உண்டு, பயிற்சி கிடையாது. மதுரைக்காரருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கும் மனக்குறை இல்லையே.

காலுக்கான வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிற பஸ்ஸில் வலிப்பு வந்தது. நானும் கூட இருந்தேன். வழக்கமாக வந்து அடங்கிவிடும். அன்றைக்கு நிற்கவே இல்லை. பிள்ளைக்கு உதடு நீலமாகிவிட்டது. டிரைவர் எங்கேயும் நிறுத்தாமல் பஸ்ஸை ஆஸ்பத்திரி வாசலுக்கே ஓட்டிவிட்டார். அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

ஊசி போட்டு வலிப்பை நிறுத்தியது பங்கஜவல்லி என்ற குழந்தைகள் டாக்டர். பிள்ளை கண் முழித்த பிறகு, மாத்திரை விட்டுப்போனதா என்று கேட்டார். அப்போதுதான் அய்யம்மாள் ஷிப்டு கதையைச் சொன்னாள். எனக்கு அவளை அறையலாம்போல வந்தது. டாக்டரம்மா திட்டவில்லை. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் வரும், இனி ஒருவேளைகூட விடக்கூடாது என்று நிதானமாக விளக்கினார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கால் இருக்கட்டும், வலிப்பும் இருக்கட்டும். செண்பகம் எப்ப நல்லா முழிச்சிருப்பா? எதுக்குச் சிரிப்பா? அதைச் சொல்லுங்க."

அய்யம்மாள் என்னைப் பார்த்தாள். இதுவரை எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்காத கேள்வி. இதற்கும் வைத்தியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் விளங்கவில்லை. தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள்: காலையெல்லாம் தூக்கம், சாயங்காலம் முழிப்பு, ஆட்டுக்குட்டியைக் கண்டால் சிரிப்பு, அதைத் தொடக் கையைக் காலை நீட்டுவாள்.

டாக்டரம்மா மதுரை டாக்டருக்கு டிரங்க் கால் போட்டு, லைன் கிடைக்கும்வரை காத்திருந்து பேசினார். மாத்திரை ராத்திரி வேளைக்கு மாறியது. பயிற்சி சாயங்காலம், வீட்டிலேயே, ஆட்டுக்குட்டியை முன்னால் விட்டு. பிள்ளை சாயாமல் உட்கார வார் வைத்த நாற்காலி செய்ய ஆள் சொன்னார். பெரிய வாத்தியாரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார்.

"நடப்பாளா டாக்டரம்மா?" என்றாள் அய்யம்மாள்.

"தனியா நடக்கிறது கஷ்டம்மா. ஆனா பள்ளிக்கூடம் போவா, படிப்பா."



வீட்டுக்கு அனுப்பிய அன்று பஸ்ஸில் அய்யம்மாள் என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "யக்கா, அவிய சொன்னது நல்ல சேதியா, கெட்ட சேதியா?"

 

நான் வாயைத் திறக்குமுன்னே, அவள் மடியில் கிடந்த செண்பகம் வாயைக் கோணிக் கோணி, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"நடக்காட்டி... என்னய... வச்சுக்கிடுவியாம்மா?"

இத்தனை வருஷமும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் அவள் காலைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அய்யம்மாள் பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஏட்டி, ஒன் காலையா நான் பெத்தேன்? ஒன்னயத்தானட்டி பெத்தேன்."

பிள்ளை நம்பினாளோ என்னவோ, மறுபடியும் அதையே கேட்டாள். இராஜபாளையம் வரைக்கும் அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். இவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.