குவைத்துக்குப் போன கொக்கு

காலை பத்தே முக்காலுக்குச் செய்தி வந்தபோது செங்கல்வராயன் ஒரு மந்திரிக்காகப் பேசிக்கொண்டிருந்தார். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில் இருக்கும் லாட்ஜில் மூன்றாம் மாடி அறை. டிவியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, ஸ்டூல்மேல் ஏறி நின்று பின்பக்க ஒயரைத் திருகிக்கொண்டே, திரையில் விரலை ஆட்டிய யாரோ ஒரு மந்திரியின் வாயசைவுக்குச் சரியாக, "ரூம்ல சுடுதண்ணி வரல, எவன்டா இங்க மேனேஜரு?" என்றார் கனத்த குரலில். மந்திரி வாயை மூடியதும் அவரும் மூடிக்கொண்டார்.

நடையில் போய்க்கொண்டிருந்த மேனேஜர் நாகபூஷணம் தலையை நீட்டினார். "ஏமய்யா, டிவி ரிப்பேரா, டிராமாவா?"

"ரெண்டுக்கும் சேத்து ஒரே கூலிதான் சார்," என்றார் செங்கல்வராயன், மந்திரியின் குரலிலேயே.

அப்போதுதான் செல்போன் அடித்தது. பெங்களூரிலிருந்து சுரேஷ்பாபு. ஆந்திர எல்லை ஊரான நகரியில் அரை டிராயரோடு அவர் வீட்டுத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தவன். இப்போது கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், தலையில் முன்பக்கம் முடி இல்லை.

"மாமா, நம்ம சாவிப் பொம்ம திரும்ப வருது. புதுசா எடுத்துக்கினு கீறாங்க. இப்பதான் ட்ரெய்லர் உட்டாங்க."

"அப்டியா? நல்லதுடா."

"முழுசா கேளு மாமா. கொக்கு வருது."

செங்கல்வராயன் ஸ்டூலிலிருந்து இறங்கிக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். திரையில் மந்திரி பேசிக்கொண்டே இருந்தார். அவருக்குக் குரல் கொடுக்க ஆளில்லை.

அறுபதை எட்டிப் பிடிக்கப்போகும் செங்கல்வராயனுக்குத் திருப்பதியில் ஏழெட்டு லாட்ஜுகளில் டிவி வேலை. எல்லாம் மலைக்குப் போகிறவர்கள் ஓரிரவு தங்கும் இடங்கள். சேலத்துக் குடும்பம் வந்தால் தமிழ்ச் சேனல் முன்னால் நிற்க வேண்டும், குல்பர்காக்காரர் வந்தால் கன்னடம். அதையெல்லாம் அடுக்கி வைப்பது, ஒயர் மாற்றுவது, ரிமோட்டுக்கு பேட்டரி போடுவது அவர் வேலை. டிவிக்கு நேராக உட்கார மாட்டார். பக்கவாட்டில் உட்கார்ந்து கடைக்கண்ணால் பார்ப்பார். பல வருஷம் வாய்க்கு முன்னால் மைக் இருந்த பழக்கம். போனில் பேசுவதற்கு முன்னால்கூட ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். யார் என்ன சொன்னார்கள் என்று அவரிடம் கேட்டால், சொன்னவர் குரலிலேயே பதில் வரும். நாகபூஷணம் ஒருமுறை தம் வீட்டம்மாவின் குரலை அவர் வாயிலிருந்து கேட்டுத் திடுக்கிட்டு எழுந்து நின்றிருக்கிறார்.

நகரியில் அவர் கேபிள் மாமா. தொண்ணூறுகளில் ஊரெங்கும் டிஷ் முளைத்தபோது பவர்லூம் வேலையை விட்டுவிட்டுக் கேபிள் தொழிலில் இறங்கினார். தெரு முனையில் ஓர் அறை. அதில் ரிசீவர்கள், ஒரு வீடியோ டெக், கோயில் அறிவிப்பும் காணாமல் போன ஆட்டைப் பற்றிய அறிவிப்பும் சொல்ல ஒரு மைக். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏதோ ஒரு வெளிநாட்டுச் சேனலில் அந்தக் கார்ட்டூன் வரும். முதலில் பொம்மையைச் செய்து, பிறகு அந்தப் பொம்மையை விற்பதற்கென்றே எடுத்த கதை. முதுகில் சாவி வைத்த தகர மிருகங்கள். சாவியைத் திருகினால் உயிர் வரும். தண்ணீருக்கு நடுவே ஒரு கோபுரத்தைக் காவல் காக்கும். ஆங்கிலப் பெயர் நீளமானது. நகரியில் எல்லோருக்கும் அது சாவிப் பொம்மைதான்; அந்த நீளப் பெயரைச் சொன்னவரும் இல்லை, பொம்மையை வாங்கியவரும் இல்லை. ஆனால் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாமல் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு நாள் அவர் ஆங்கிலச் சத்தத்தை அடைத்துவிட்டு மைக்கைத் திறந்தார்.

அவருக்கும் ஆங்கிலம் தெரியாது. படத்தைப் பார்த்து அவராகவே ஒரு கதையைச் சொன்னார். அதில் யானை தறிக்கொட்டகை மேஸ்திரி ஆனது, அணில் பள்ளிக்கூடப் பிள்ளை ஆனது. துருவைக் கக்கி எல்லோரையும் உறைய வைக்கும் காக்கை, கரண்ட்டைப் பிடுங்கும் காக்கை ஆனது. கரண்ட் போனால் தறி நிற்கும், தறி நின்றால் சோறு நிற்கும் என்பது அந்தத் தெருவில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். எனவே காக்கையை எல்லோரும் மனதார வெறுத்தார்கள்.

கொக்கு பெண். அதற்கும் முதலில் அவரேதான் கீச்சுக் குரலில் பேசினார். பக்கத்தில் ராட்டையில் தறிக்கு நூல்தார் சுற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி கிருஷ்ணம்மா சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க எழுந்து வந்து, "இன்னாய்யா இது, ஆம்பள பொடவ கட்டிக்கினா மாரி. தள்ளு அந்தாண்ட," என்றார். மைக் திறந்திருந்தது. கொக்கு யானையைப் பார்த்துச் சொன்னதாகவே தெரு முழுக்க எடுத்துக்கொண்டது. அன்றைக்கு அடித்த சிரிப்பில் கிருஷ்ணம்மாவுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

கிருஷ்ணம்மாவின் கைக்கு வந்த பிறகு, கொக்கு கோபுரத்தைக் காத்ததைவிடப் பிள்ளைகளை மேய்த்ததுதான் அதிகம். சண்டைக்கு நடுவில் நின்று, "கோடி ஊட்டுப் பையன் மூக்கச் சிந்திட்டு வந்து ஒக்காரட்டும். அப்பறந்தான் நான் அடிப்பேன்," என்று சொல்லும். கோடி வீட்டில் பையன் ஓடிப்போய் மூக்கைச் சிந்திவிட்டு வருவான். அந்தப் பையன்தான் சுரேஷ்பாபு.

பிறகு அந்த நாள் வந்தது. கோபுரம் சாய்ந்தது. கொக்கின் முதுகுச் சாவி முறிந்தது. கொக்கு மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கி மறைந்தது. யானை தலையைக் குனிந்தது. வெளிநாட்டில் அதை எழுதியவர்கள் கொக்கைக் கொன்றுவிட்டார்கள் என்பது புரிய ஆங்கிலம் தேவைப்படவில்லை. செங்கல்வராயன் மைக்கோடு வாசல் பக்கம் திரும்பினார். அறை வாசலில் வழக்கம்போல நாலைந்து பிள்ளைகள். முன்னால் நின்றவள் மஞ்சு, எட்டு வயசு. அவளுடைய அம்மா வீட்டு வேலைக்காகக் குவைத்துக்கு விமானம் ஏறி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கிருஷ்ணம்மா மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

"அலோ... அலோ... மேஸ்திரி, கேக்குதா? நான் குவைத்துலேர்ந்து பேசறேன். தண்ணிக்குள்ள உழுந்து நீஞ்சிக்கினே வந்துட்டேன். இங்க வேல கெடச்சிட்ச்சி. அழுவாத. நல்ல ஊடுதான். வேளைக்கி சோறு போடறாங்க."

அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் கொக்கிடமிருந்து போன் வந்தது. அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு என்பது மஞ்சு சொல்லித் தெரிந்தது. திரையில் யானை எங்காவது தனியாக நின்றால் போதும், கிருஷ்ணம்மா ராட்டையை விட்டு எழுந்து வந்துவிடுவார். "சீக்கிரம் பேசு மேஸ்திரி, பூத்துல பின்னாடி ஆளு நின்னுக்கினு கீறாங்க," என்பார். அணில் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்பார். தெருவில் எந்தப் பெண் பிள்ளைக்காவது தலைக்கு எண்ணெய் வைக்க ஆளில்லையென்றால் கேபிள் அறைக்கு அனுப்பு, அங்கே ஒரு பொம்பளை இருக்கிறாள் என்பார். மஞ்சு தினமும் சீப்போடு வந்தாள். எப்போது திரும்பி வருவாய் என்று யானை கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "வர்ற சங்கராந்திக்கி."

சங்கராந்திகள் போயின. மஞ்சுவின் அம்மா ஊர் திரும்பினார். கார்ட்டூன் நின்றது. பெரிய கம்பெனிகளின் செட்டாப் பெட்டி வந்து, தெருமுனைக் கேபிள் அறைகளுக்கு வேலை இல்லாமல் போனது. செங்கல்வராயனும் கிருஷ்ணம்மாவும் திருப்பதிக்கு வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் பெங்களூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போனார்கள். ஒருவன் டாலஸில் இருக்கிறான். கல்யாண வீடுகளில் சந்திக்கும்போது மட்டும் எவனாவது ஒருவன், "கொக்கு எங்க அத்த, இன்னுமா வரல?" என்பான். "லீவு குடுக்கலடா அந்தச் சேட்டு," என்பார் கிருஷ்ணம்மா, வெற்றிலையை மடித்துக்கொண்டே.

போன ஐப்பசியில் கிருஷ்ணம்மா இறந்துபோனார். மூச்சு முட்டுகிறது என்றவரை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கூடப் போகவில்லை. செங்கல்வராயன் காரியம் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட்டார். மனைவியைப் பற்றிப் பேசும்போது இன்னும், "அவளுக்குக் காப்பி கொதிக்கக் கொதிக்க இருக்கணும்," என்றுதான் சொல்கிறார். லாட்ஜில் யாரும் திருத்துவதில்லை.

செய்தி வந்த நாள் முழுவதும் செல்போன் ஓயவில்லை. பழைய பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். இந்தக் கார்ட்டூனின் ரசிகர்களுக்கென்றே உலகம் முழுக்க இணையப் பக்கங்கள் இருக்கின்றனவாம். சாவியின் நிறம் மாறிவிட்டது, அணிலுக்கு வால் குட்டை, புதுப் பொம்மை தீபாவளிக்கு முன்னால் கடைக்கு வருமா என்று சுரேஷ்பாபு ஒவ்வொன்றையும் தமிழில் எழுதிக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தான். வெளிநாட்டு ரசிகர்களுக்குக் கடுங்கோபம். செத்துப்போன கொக்கை எப்படித் திரும்பக் கொண்டுவரலாம் என்று சண்டை. சுரேஷ்பாபு அதில் போய் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிட்டு வந்தான்: கொக்கு சாகவில்லை, குவைத்தில் வேலையில் இருந்தது. எந்த எபிசோடில் அப்படி வருகிறது என்று அமெரிக்காவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை நகரியில் அம்மன் திருவிழா, ஜாத்திரை. எல்லோரும் பிள்ளைகுட்டிகளோடு வருகிறார்கள். தெருவில் திரை கட்டி அந்த இரண்டு நிமிட ட்ரெய்லரைக் காட்டப்போகிறார்கள். நகரித் தமிழில்தான் காட்ட வேண்டும். "நீதான் பேசணும் மாமா," என்றான் சுரேஷ்பாபு.

"வேறெல்லாம் பேசறேன். கொக்கு பேசாது. சும்மா வந்து நிக்கட்டும்."

"மாமா..."

"வெச்சிட்றேன்டா. ஆறாம் நம்பர் ரூம்ல கலர் வரலியாம்."

சனிக்கிழமை மத்தியானம் மஞ்சு லாட்ஜுக்கு வந்தாள். திருப்பதியிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. டியூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள். மெத்தைகளும் போர்வைகளும் அடுக்கிய மூன்றாம் மாடி அறையில், சத்தம் எதிரொலிக்காத இடமாகப் பார்த்து, செங்கல்வராயன் செல்போனை ஒரு தலையணையில் சாய்த்து வைத்திருந்தார். படம் ஓடும்போதே கூடப் பேசினால் பதிவாகிவிடும்படி சுரேஷ்பாபு ஏதோ செய்து அனுப்பியிருந்தான். காக்கை முடிந்திருந்தது. அணில் முடிந்திருந்தது.

"கொக்கு பேசாதாமே," என்றாள் மஞ்சு.

"அவ எடம் அது."

"அத்த எடந்தான், யாரு இல்லன்னா? ஆனா குவைத்துலேர்ந்து வந்த பொம்பள வாசப்படில வந்து பேசாம நிப்பாளா மாமா? எங்கம்மா வந்த அன்னிக்கி செருப்பக்கூட கழட்டல. பாத்திரம் கெடந்த கெடையப் பாத்துட்டு எங்க நைனாவத் திட்ட ஆரம்பிச்சவதான், பக்கத்து ஊட்ல வந்து வெலக்கினாங்க."

செங்கல்வராயன் சிரித்துவிட்டார். பிறகு தலையணையோடு செல்போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

மஞ்சு தொண்டையைச் செருமிக்கொண்டாள். "நான் வந்துட்டேன் மேஸ்திரி."

"இது ஆஸ்பத்திரில ரிசல்ட்டு குடுக்கற கொரலு," என்று நிறுத்தினார். "அவ்ளோ தூரம் மூட்டயத் தூக்கிக்கினு வந்துகீறா. மூச்சு வாங்கணும். அதோட, வந்துட்டேன்னு அவ சொல்லமாட்டா. வந்துதான் நிக்கறாளே. ஊட்ல இன்னா கொறன்னு ஒரு பார்வ பாப்பா. அப்பறந்தான் வாயத் தெறப்பா."

படத்தை மறுபடி ஓட்டினார். தண்ணீர் கலங்கியது. புதுச் சாவி மின்ன, கொக்கு எழுந்து கழுத்தைத் திருப்பியது. மஞ்சு திரையைப் பார்க்கவில்லை. எதிரில் உட்கார்ந்திருந்தவரின் தொளதொளத்த சட்டையை, கீழ்மேலாக மாட்டிய பொத்தான்களை, கழுத்தெலும்பைப் பார்த்தாள்.

"இன்னா மேஸ்திரி," என்றாள் மூச்சு வாங்க, "இப்டி எளச்சிப் பூட்டியே. வேளைக்கித் துன்றியா, இல்லியா?"

கொக்கின் அலகு மூடியபோது அவள் வாயும் மூடியிருந்தது. அடுத்து யானையின் முறை. யானை தும்பிக்கையைத் தூக்கி வாயைத் திறந்தது. செங்கல்வராயன் முன்னால் குனிந்தார். உதடு பிரிந்தது. பிறகு கட்டைவிரலால் திரையை அழுத்திப் படத்தை நிறுத்திவிட்டு, பக்கத்திலிருந்த துவைத்த போர்வை ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினார். அது ஏற்கெனவே மடித்திருந்தது.

மஞ்சு காத்திருக்கிறாள். மற்றவர்கள் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். மேஸ்திரியின் பதில் மட்டும் இன்னும் பதிவாகவில்லை.