ஒரு வழக்குக்கு ஒரே ஃபீஸ்

என் அக்கா உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை. டம்ளரைச் சமையல் மேடையில் வைத்து ஒரு வாய் குடிப்பாள், ஜன்னல் வரை போய்த் திரும்புவாள், அப்புறம் அடுத்த வாய். "காலுல சக்கரமா கட்டியிருக்க?" என்று அம்மா திட்டுவாள். அக்கா இலவச சட்ட உதவி வக்கீல். கிரிமினல் வழக்கில் மாட்டிக்கொண்டு கையில் காசில்லாமல் நிற்பவர்களுக்காக வாதாடுவாள். ஃபீஸை அரசாங்கம் கொடுக்கும்.

கொடுக்கிற முறைதான் விசித்திரம். ஒரு வழக்குக்கு ஒரே தொகை. அதுவும் வழக்கு முடிந்த பிறகு, கடைசியில் வக்கீலாக யார் நிற்கிறாரோ அவருக்கு. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒரே காலையில் முடித்தாலும் அதுதான், சாட்சி சாட்சியாக விசாரித்து வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினாலும் அதுதான். சிறைக்குப் போய்வர, வராந்தாவில் காத்துக்கிடக்க, எதற்கும் தனியாகக் கிடையாது. அதனால் பலர் காலையில் கட்சிக்காரனைப் பார்த்து மத்தியானத்துக்குள் வழக்கை முடித்துவிடுவார்கள்.

கோர்ட்டில் அக்காவோடு ஒரே மேஜையைப் பங்குபோட்டுக்கொண்ட வக்கீலுக்கு இந்த வேகத்தால் 'மின்னல்' என்றே பட்டப்பெயர்.

"மீட்டர் போடாம டாக்ஸி ஓட்டுற ஒரே ஆளு நீதாம்மா" என்பார் அவர்.

"நீங்க ஏத்துன எடத்துலயே எறக்கி விட்டுடுறீங்களே சார், அதுக்கு இது தேவலை" என்பாள் அக்கா.

அவளுடைய கடைசி வழக்கு ஒரு பெயின்டருடையது. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் நகை திருடியதாகக் கைது. அன்று அந்தப் பக்கமே போகவில்லை என்பது அவன் வாதம். மாடிப்படி ஏறியவன் இவன்தான், என் நாற்காலியிலிருந்தே முகத்தை நன்றாகப் பார்த்தேன் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆளில்லாமல் பெயின்டர் பல மாதமாக உள்ளே கிடந்தான்.

அக்கா முதல்முறை சிறைக்குப் போனபோது கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் கேட்டானாம்: "போலீசுக்கும் கவர்மென்ட்டு சம்பளம், உங்களுக்கும் கவர்மென்ட்டு சம்பளம். நீங்க எப்படி மேடம் எனக்காகப் பேசுவீங்க? ஒத்துக்கிட்டா இன்னைக்கே விட்டுடுவாங்களாமே, ஒத்துக்கிறேன், விடுங்க."

"வெளிய வந்து என்ன வேலை பாப்ப?"

"பெயின்ட் அடிப்பேன்."

"திருடன்னு முத்திரை குத்துன ஆளை எந்த வீட்டுக்குள்ளப்பா விடுவாங்க?"

அக்காவுக்கு அன்று முழுக்க இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் என்னை இழுத்துக்கொண்டு அந்தக் குடியிருப்புக்குப் போனாள். வாட்ச்மேனிடம் நைச்சியமாகப் பேசி அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "நீ போய்ப் படி ஏறுடா" என்றாள். ஏறினேன்.

"இன்னொரு தடவை ஏறு!"

கீழே வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. காவல் கூண்டுக்கு முன்னால் வெயிலுக்காக இறக்கியிருந்த தகரக் கூரை, படியில் போகிறவரை இடுப்புக்கு மேல் மறைத்துவிடுகிறது. "தலையே இல்லாத தம்பி ஒருத்தன் ரெண்டு தடவை மேல போனான்" என்றாள். வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "செருப்பை வேணா அடையாளம் சொல்லலாம்மா" என்றார், பாவம். கூரை எப்போது போட்டது என்று அக்கா கேட்டாள். அவர் வேலைக்குச் சேருவதற்கு முன்பே இருக்கிறதாம்.

சிறையில் இதைச் சொன்னபோது பெயின்டர் அழுதுவிட்டானாம். அதன்பின் அவளை மேடம் என்று கூப்பிடவில்லை.

வாட்ச்மேனைக் குறுக்கு விசாரணை செய்வதற்கு முன்பே அக்கா போய்விட்டாள். நீதிமன்றப் படிக்கட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவள் இனி நிம்மதியாகத் தூங்குவாள் என்று ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அந்தப் பெயின்டர் என்ன ஆவான் என்றே ஓடிக்கொண்டிருந்தது. வாய்தா நாளில் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் போனேன்.

வழக்கு மின்னலிடம் வந்திருந்தது. வராந்தாவில் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே நின்ற பெயின்டரிடம் அவர் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒத்துக்க தம்பி. உள்ள இருந்த நாளைக் கழிச்சு இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அக்கா ஒத்துக்காதேன்னாங்க சார்."

"அவங்க இப்ப இல்லப்பா."

"அவங்க இல்லேன்னா அந்தத் தகரக் கூரையும் இல்லாமப் போயிருமா சார்?"

மின்னல் திரும்பிப் பார்த்தார். "என்ன கூரை?" என்று என்னைத்தான் கேட்டார். சொன்னேன். நான் சொல்லி முடிப்பதற்குள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே அவர் சொன்னது ஒரே வாக்கியம்: குற்றத்தை மறுக்கிறோம், தயார் செய்ய அவகாசம் வேண்டும்.

அவகாசம் என்றால் பெயின்டர் திரும்பவும் சிறைக்கு. வேனில் ஏற்றும்போது அவன் கால் இடறியது. விலங்கு மாட்டிய கையால் கம்பியைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டான். ஒத்துக்கொண்டிருந்தால் ராத்திரிச் சாப்பாடு வீட்டில். அது அவனுக்கும் தெரியும்.

"உங்க அக்கா என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டா" என்றார் மின்னல், கோட்டைக் கழற்றியபடி. குரலில் நிஜமான எரிச்சல் இருந்தது. "நீதிபதியே நேர்ல வந்து அந்தக் கூரையைப் பாக்கணும்னு மனுப் போடணும். அதுக்கு முன்னாடி நான் பாக்கணும். அந்த எடம் எங்க இருக்கு?"

"தூரம் சார். ரெண்டு பஸ் மாறணும்."

"நிக்கிறியே, நட."