தின்னர் டிரம்மின் மேல் ஒரு கற்பூரம்

கரையான்சாவடி சிக்னலில், அக்கா ஓட்டிய காருக்கு முன்னால் நின்ற லாரியின் டிரம்களிலிருந்து தின்னர் வாடை வந்ததுமே, மண்ணூர்பேட்டையில் தனபால் மாமாவின் பெயின்ட் பட்டறையும், அதன் கம்ப்ரஸர் இரைச்சலும், சுவரெல்லாம் படிந்திருந்த நீலத் துகளும், சந்தனத்தோடு தின்னர் கலந்து மணத்த அந்த ஆயுத பூஜையும் திரும்பி வந்துவிட்டன.

"இன்னா பாப்பா, டிரம்முல இன்னா எழுதிக்கீது? மேல கற்பூரம் ஏத்தலாமா?" என்று அன்று மாமா அக்காவைக் கேட்டார்.

'இன்விசிபிள்' என்றால் கண்ணுக்குத் தெரியாதது என்று பள்ளியில் படித்திருந்த அக்கா, 'இன்ஃப்ளேமபிள்' என்பதிலும் 'இன்' என்றால் 'இல்லை' என்று அதே கணக்கில் பிரித்து, "தீப்பிடிக்காதாம் மாமா" என்றாள்.

மாமாவும் பட்டறையும் எரிந்துபோன இடத்தில் இன்று கார் நிறுத்துகிறார்கள்.

பின்சீட்டிலிருந்து அக்கா மகள் லாரி டிரம்மில் இருந்த அதே சொல்லை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அம்மா, இது தீப்பிடிக்காதா?"

"பிடிக்கும்டி" என்ற அக்கா, பச்சை விழுந்த பிறகும் வண்டியை எடுக்கவில்லை.