காப்புக் கட்டிய துவக்கு

தில்லைநாதன் வாங்கிய துவக்கு நடுவில் மடங்காது. வாங்கும்போது அதை அவர் ஒரு குறையாக நினைக்கவில்லை. சுவிஸில் ஷ்லீரன் ஊருக்கு மேலே உள்ள காட்டில், வேட்டைக்காரர்களுக்கு நடுவில் அதைத் தூக்கிக்கொண்டு நின்ற காலையில்தான் அது குறையாகத் தெரிந்தது.

வயது ஐம்பத்தாறு. ஊர் சாவகச்சேரி. பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் அடுப்புகளைப் பழுதுபார்க்கிறார். அகதியாக வந்தவர், இன்று சுவிஸ் குடிமகன். இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்தக் கடவுச்சீட்டுக்காரருக்கு இங்கே துவக்கு அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு.

கூட வேலை செய்யும் ஊர்ஸ்தான் அவரை முதலில் காட்டுக்குக் கூட்டிப்போனவர். துவக்கோடு அல்ல, தடியோடு. மரங்களைத் தட்டிச் சத்தம் போட்டு மானைக் கலைத்துவிடும் வேலை. கத்துவதற்கு வெட்கப்படாத ஆள் என்று தில்லைநாதனுக்கு வேட்டைக் குழுவில் நல்ல பெயர். பல இலையுதிர் காலங்கள் அப்படியே போயின. பிறகு, ஏன் என்று அவருக்கே தெரியாமல், வேட்டைத் தேர்வுக்குப் படித்தார். முதல் முறை தவறி, அடுத்த முறை தேறினார்.

“ஏன் படிச்சனீங்கள்?” என்று, அவர் இதை எனக்குச் சொன்னபோது கேட்டேன்.

“அதுதான் எனக்கும் விளங்கேல்லை. தடியோட நிண்டா, சாப்பாட்டு மேசையில கடைசியில இருத்துவாங்கள். அதுவாயிருக்கலாம்.”

குழுவின் தலைவர் ஹான்ஸ்யூர்க் ஒரு நிபந்தனை சொன்னார். ஒரு நாள் விருந்தாளியாகத் துவக்கோடு வரவேண்டும். எல்லோருக்கும் நம்பிக்கை வந்தால் குழுவில் சேர்ப்பார்கள். வராவிட்டால் பழையபடி தடி.

துவக்கு வேண்டும், மலிவாக வேண்டும். பக்கத்து ஊரில் வேட்டையை விட்டுவிட்ட முதியவர் ஒருவர் பழைய பம்ப் துவக்கு வைத்திருந்தார். முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். ஏன் இவ்வளவு மலிவு என்று தில்லைநாதன் கேட்டார். யாருக்கும் வேண்டாம், அதனால்தான் என்றார் முதியவர். நல்ல பேரம் என்று நினைத்து வாங்கிவிட்டார்.

தமிழ்க் கடை வாசலில் கண்ட நண்பன் அருட்செல்வன் விடவில்லை. “அண்ணை, துவக்குச் சத்தம் கேளாத இடம் எண்டுதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்களே கொண்டுவந்திட்டியள்.”

“உது வேற துவக்கடா.”

“வெடி ஒண்டுதானே அண்ணை.”

வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மனைவி இந்திரா துவக்கு வைத்த இரும்பு அலுமாரியையே முறைத்துப் பார்த்தார்.

“இயக்கம் இருந்த காலத்திலயும் எங்கட வீட்டு வாசலுக்குள்ள துவக்கு வரேல்லை. உதை ஏன் கொண்டு வந்தனீங்கள்?”

“மான் சுட.”

“மான் இறைச்சி கடையில விக்கிறாங்கள்தானே.”

தில்லைநாதன் அலுமாரியைப் பூட்டினார்.

அடுத்து வந்தது கந்தசட்டி. இந்திரா ரயிலேறி அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போய்க் கையில் காப்புக் கட்டிக்கொண்டார். விரதம் முடியும் நாள்வரை அந்த மஞ்சள் நூலை அவிழ்க்கக்கூடாது. வீட்டுக்காரருக்கும் வேண்டும் என்று ஐயரிடம் இன்னொரு நூலும் வாங்கி வந்தார்.

“அலுமாரியைத் திறவுங்கோ,” என்றார்.

தில்லைநாதன் திறந்தார். துவக்குக்குள் தோட்டா இல்லை என்று காட்ட, கைப்பிடியைப் பின்னால் இழுத்துப் பிடித்தார். தோட்டா ஏறும் வாய் திறந்துகொண்டது. இந்திரா அந்தத் திறப்புக்குள்ளால் நூலை விட்டு, சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டார்.

“விரதம் முடியுமட்டும் இது சும்மா கிடக்கட்டும். நான் நித்திரை கொள்ளவேணும்.”

“சனிக்கிழமை வேட்டையெல்லே? துவக்கோட வரச்சொன்ன நாள்.”

“அப்ப தடியைக் கொண்டு போங்கோ.”

“முருகனே வேலோடதானே நிக்கிறார்?”

“அவர் சூரனுக்கு. நீங்கள் மானுக்கு.”

வேட்டை நாள் இந்திராவுக்கு முன்பே தெரிந்திருந்ததா என்று நான் பின்னர் கேட்டேன். அவர் தேத்தண்ணி ஊற்ற எழுந்து போய்விட்டார்.

நூலை அறுக்கலாமா, கூடாதா? தில்லைநாதன் இரண்டு நாள் யோசித்தார். அறுக்கப் பயம், போகாமல் இருக்கவும் பயம். கடைசியில் காப்போடு துவக்கையும் எடுத்துக்கொண்டு போனார்.

காட்டு ஓரத்தில் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் இரட்டைக் குழல் துவக்கு, நடுவில் முறித்து மடக்கியபடி. மடங்கிய துவக்கு வெடிக்காது என்று தூரத்திலிருந்தே தெரியும். அந்த வட்டத்தில் மடங்காத துவக்கு ஒன்றே ஒன்று. பக்கத்தில் நின்றவர் ஓர் அடி விலகினார். முதியவர் ஏன் மலிவாகக் கொடுத்தார் என்பது அப்போதுதான் தில்லைநாதனுக்கு விளங்கியது.

ஹான்ஸ்யூர்க் வந்தார், குனிந்து பார்த்தார். கைப்பிடி பின்னால், திறப்பு திறந்தபடி, அதற்குள்ளால் மஞ்சள் நூல். நூல் இருக்கும்வரை கைப்பிடி முன்னால் போகாது, துவக்கு வெடிக்காது. விரலால் முடிச்சைத் தொட்டார்.

“யாருடைய யோசனை?”

“மனைவியுடையது,” என்றார் தில்லைநாதன். மேலும் விளக்க வாயெடுத்தார். சூரன், முருகன், விரதம் எல்லாவற்றையும் எங்கே தொடங்குவது?

“கெட்டிக்காரி,” என்று ஹான்ஸ்யூர்க் நகர்ந்துவிட்டார். விலகியவர் பழைய இடத்துக்கு வந்தார்.

நூலோடேயே தில்லைநாதன் தன் இடத்தில் நின்றார். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மான் அவருக்கு நேர் முன்னால் வந்தது. நின்றது. பார்த்தது. அவரும் பார்த்தார். அது போய்விட்டது. அதன் பின்னால் பற்றைக்குள்ளிருந்து தடிக்காரர்கள் வெளியே வந்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் ஊர்ஸ் அதை எல்லோருக்கும் சொன்னார். பின்னால் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், இவர் துவக்கைத் தூக்கவே இல்லை, இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். ஹான்ஸ்யூர்க் தலையாட்டினார். மேசைக்கு நடுவில் இடம் கொடுத்தார்கள். இனி ஒவ்வொரு முறையும் அந்த மஞ்சள் நூலோடு வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இந்திரா கேட்டார். “சுட்டனீங்களோ?”

“இல்லை.”

“அப்ப ஏன் சேர்த்தவங்கள்?”

“நூலாலதான்போல. அடுத்த முறையும் கட்டிக்கொண்டு வரட்டாம்.”

“விரதம் முடிஞ்ச பிறகு காப்புக் கட்டேலாது.”

“வேற நூல் கட்டுவம்.”

“வேற நூல் கட்டினா அது காப்பில்லை. நான் நித்திரை கொள்ளமாட்டன்.”

அடுத்த வேட்டை கார்த்திகை நடுவில். அலுமாரி பூட்டியிருக்கிறது. வேறு வழியில்லாமல் தில்லைநாதன் ஐயருக்குத் தொலைபேசி எடுத்து, சட்டி முடிந்த பிறகும் ஒரு காப்புக் கட்ட வழியிருக்கிறதா என்று கேட்டார்.

“ஆருக்கு?” என்றாராம் ஐயர்.

தில்லைநாதன் பூட்டிய அலுமாரியைப் பார்த்துக்கொண்டு, “பிறகு எடுக்கிறன் ஐயா” என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.