‘போறேன்’ என்று சொல்லாத வீடு

என் மகளுக்குத் தமிழ் வராது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் நானே சொல்லியிருக்கிறேன். தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் சொல்வாள்.

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கேட்டி என்ற ஊருக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய பண்ணை வீடு இருக்கிறது. ஒரு நாவலாசிரியை வாழ்ந்த வீடு. அவர் வாழ்க்கை படமானபோது ஷூட்டிங்கும் அங்கேயே நடந்தது. ஹைஸ்கூல் படிக்கும் என் மகள் சனிக்கிழமைகளில் அங்கே வாலண்டியர் கைடு.

மதுரையிலிருந்து வந்திருந்த என் அக்காவை அங்கே கூட்டிப்போனேன். அக்காவுக்கு இங்கிலீஷ் புரியாது. மகள் கூட்டத்துக்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு அறையிலும் அத்தை பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாக வாசலுக்கு வந்தோம். கணவரோடு சண்டை போட்டு, ‘ஐ ஆம் லீவிங்’ என்று சொல்லிவிட்டு அந்த எழுத்தாளர் வெளியேறிய இடம்.

“இங்க நின்னுதான் அத்தை, புருஷன்கிட்ட ‘போயிட்டு வரேன்’னு சொன்னாங்க. அப்புறம் வரவே இல்ல.”

எனக்குப் பொறுக்கவில்லை. “தப்பும்மா. ‘ஐ ஆம் லீவிங்’னா ‘போறேன்’.”

“அப்பா! வாசல்ல நின்னுட்டு யாராவது ‘போறேன்’னு சொல்வாங்களா?” என்றாள், நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல.

அக்கா என் தோளில் ஒரு தட்டு தட்டினாள். “சும்மா இருடா. பிள்ளை சரியாத்தான் சொல்றா.”

இதை நான் அவளுக்குச் சொல்லித் தந்ததே இல்லை. ஆபீசுக்குக் கிளம்பும்போது வாசலில் நான் சொல்வதைக் கேட்டே வளர்ந்திருக்கிறாள்.

அந்த எழுத்தாளர் திரும்பவே இல்லை. ஆனால் என் மகளின் தமிழில், வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.